ஸ்டில் எம்எஸ் 180: செட்டிநாட்டு வீட்டுக்கு இந்த மரம் அறுக்கும் மிஷின் போதுமா?

செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்கு மரம் அறுக்கும் மிஷின் எதற்கெல்லாம் தேவைப்படும்? பின்கட்டைத் தாண்டிய தோட்டத்தில் ஓட்டின் மேல் சாயும் வேம்பு, மா, புளியங்கொப்புகளைக் கழிக்க வேண்டும். புஞ்சையிலும் கண்மாய் ஓரத்திலும் மண்டும் சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விழும் மரத்தைத் துண்டு போட வேண்டும். இவ்வளவுக்கும் 16 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்ட, ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180 போதும். 31.8 சிசி எஞ்சின், ஏறத்தாழ 2 குதிரைத்திறன், பாரும் செயினும் சேர்க்காமல் 4 கிலோவை ஒட்டிய எடை. ஓர் அடி விட்டமுள்ள மரத்தைத் திணறாமல் அறுக்கும். இரண்டடித் தூருள்ள புளியைச் சாய்க்க இது ஆகாது. அதற்குப் பெரிய மிஷினும் பழகிய ஆளும் வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பலர் கேட்பது, பாதிக்கும் குறைந்த விலையில் 58 சிசி, 22 அங்குலப் பார் என்று விற்கும் பெயரில்லாத மிஷினை வாங்கலாமா என்பதுதான். தோட்ட வேலைக்கு வேண்டாம். எடை அதிகம், நீளப் பாரின் நுனி எங்கே இடிக்கிறது என்பது கண்ணில் படாது. கொப்பு கழிக்கிற வேலையில் சக்தியைவிடக் கைக்கு அடங்குவதுதான் முக்கியம். எம்எஸ் 180-க்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை அதற்குத்தான்.

இந்த மிஷின் பெரும்பாலும் எஞ்சின் கோளாறால் படுப்பதில்லை. பெட்ரோலாலும் செயினாலும்தான் படுக்கிறது.

1 லிட்டர் பெட்ரோலுக்குக் கம்பெனி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) 20 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குப்பியில் அளந்து, தனி கேனில் கலக்கி, குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். பைக்குக்குப் போடும் 20டபிள்யூ40 ஆயிலைக் கலந்தால் சைலன்சரும் பிஸ்டனும் கரி பிடிக்கும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் உரசிச் சிலிண்டர் கோடு விழும், அதைச் சரிசெய்யும் செலவில் பாதி மிஷின் வாங்கலாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. கையால் திருகிச் சரிசெய்யும் கார்புரேட்டர் உள்ள மிஷின்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது கம்பெனியின் அறிவுரை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ரப்பர் சவ்வையும் பெட்ரோல் குழாயையும் இறுக்கிவிடும். அதனால் எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். எதை ஊற்றினாலும் அந்த வேலைக்கு வேண்டிய அளவே கலக்கி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நாள் கணக்கில் சும்மா வைக்கப்போவதாக இருந்தால் டேங்கை வடித்து, மிஷின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பொங்கலுக்கு ஓட்டிவிட்டு ஆடியில் எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை என்கிற புகார் பெரும்பாலும் இதனால்தான்.

செயின் ஆயிலிலும் சிக்கனம் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுகிற பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அதில் இரும்புத் துகள் இருக்கும், ஆயில் பம்பை அடைக்கும், தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். இந்த மாடலில் ஆயில் அளவைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. ஆகவே ஆயில் வருகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். பாரின் நுனியைப் பழைய அட்டை ஒன்றுக்கு மேலே, அதைத் தொடாமல் பிடித்து ரேஸ் கொடுங்கள். ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் பாரைக் கழற்றி, ஆயில் துளையிலும் காடியிலும் அடைத்திருக்கும் தூளைச் சுரண்டி எடுங்கள். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் செயின் ஆயிலையும் நிரப்புங்கள். பெட்ரோல் தீர்ந்த பிறகும் ஆயில் கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும். அப்படியே நிறைந்திருந்தால் அடைப்பு என்று அர்த்தம்.

செயினை இறுக்குவது மிஷின் ஆறியிருக்கும்போது. பார் நட்டைத் தளர்த்தி, பாரின் மூக்கைக் கையால் தூக்கிப் பிடித்தபடியே இறுக்கும் திருகைத் திருப்புங்கள். செயின் பாரின் அடிப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும், செயின் பிரேக்கை விடுவித்து, கையுறை போட்ட கையால் இழுத்தால் ஓட வேண்டும். புதுச் செயினை இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓட்டி மறுபடியும் பாருங்கள், தொய்ந்திருக்கும். வேலை முடிந்ததும் தளர்த்திவையுங்கள். சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கி கிராங்க்கையும் பேரிங்கையும் இழுக்கும்.

அரம் போடத் தெரியாதவர் இந்த மிஷினை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். சீமைக்கருவேலம் இறுகிய மரம், நம் ஊர்ச் செம்மண் அதன் பட்டை இடுக்கெல்லாம் ஏறியிருக்கும். செயின் ஒருமுறை தரையைத் தொட்டாலே பல் மழுங்கிவிடும். மரத்தூள் செதில் செதிலாக வராமல் மாவாக வந்தாலோ, மிஷினை அழுத்திக் கொடுக்க வேண்டியிருந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். வேண்டியது 4 மி.மீ. உருண்டை அரம். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, 30 டிகிரிச் சாய்வில், அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேல் தெரியும்படி பிடித்து இரண்டு மூன்று இழுப்பு. திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பக்கப் பல் எல்லாம் முடித்து மறுபக்கத்துக்கும் அதே எண்ணிக்கை. எண்ணிக்கை தவறினால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் மேடு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதற்குத் தட்டை அரமும் அளவுத் தகடும் உண்டு. மேட்டை அதிகம் தேய்த்தால் மரத்தை முரட்டுத்தனமாகக் கவ்வி மிஷின் உதைக்கும்.

உதை என்றதும் சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரே தூரிலிருந்து நாலைந்து தண்டு நெருக்கமாக வரும். ஒன்றை அறுக்கும்போது பார் மூக்கின் மேல் கால்பகுதி பக்கத்துத் தண்டில் பட்டால், கண் இமைக்கும் முன் பார் முகத்தை நோக்கி எகிறும். முதலில் வெட்டரிவாளால் முள்ளையும் சிறு கொப்பையும் கழித்து, மூக்கு எங்கே போகிறது என்று தெரியும்படி இடம் செய்யுங்கள். இடது கைக் கட்டைவிரல் முன் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். உடம்பு வெட்டும் கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளி. தோளுக்கு மேலே தூக்கி அறுக்கவோ ஏணியில் ஏறி அறுக்கவோ கூடாது.

2018 கஜா புயலில் பார்த்தது போல் சாய்ந்து, வளைந்து கிடக்கும் மரம் இன்னும் ஆபத்து. அமுங்கியிருக்கும் பக்கத்தில் முதலில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, இழுபட்டிருக்கும் பக்கத்திலிருந்து முடியுங்கள். தலைகீழாகச் செய்தால் பார் மாட்டிக்கொள்ளும், அல்லது மரம் பிளந்து அடிக்கும்.

ஸ்டார்ட் செய்வது தரையில் வைத்துத்தான். பிரேக் போட்டு, பின் கைப்பிடிக்குள் வலது கால் நுனி, முன் கைப்பிடியில் இடது கை. குளிர்ந்த மிஷினுக்குச் சோக்கில் வைத்து இழுங்கள். முதல் வெடி கேட்டதும் லீவரை ஸ்டார்ட் நிலைக்கு மாற்றுங்கள். சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனையும், பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, சும்மா சிலமுறை கயிற்றை இழுக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் பிரேக் போட்டபடி ஒரு நொடி ரேஸ் கொடுத்துப் பாருங்கள், செயின் அசையக் கூடாது. ரேஸ் விட்ட பிறகும் செயின் சுற்றினால் எல்ஏ திருகை (சும்மா ஓடும் வேகத்தைச் சரிசெய்யும் திருகு) செயின் நிற்கும்வரை இடப்பக்கம் திருப்புங்கள். அப்படியும் சுற்றினால் கிளட்ச்சைப் பார்க்கக் கொடுக்க வேண்டும். கைலி, செருப்போடு இதைத் தொடவே கூடாது. செயின்சாவுக்கென்று வரும் கால் கவசத்தின் நூலிழை பல்லில் சிக்கிச் செயினை நிறுத்தும், ஜீன்ஸ் நிறுத்தாது. காதடைப்பானும் முகவலையும் உடன் வேண்டும்.

பழைய வீடு இடித்த உத்தரத்தையும் நிலையையும் இதில் அறுக்காதீர்கள். உள்ளே இருக்கும் இரும்பாணி ஒரு நொடியில் செயினைத் தீர்த்துவிடும். சுவரில் முளைத்த அரச மரத்துக்குக் கைரம்பம்தான். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும்.

ஏர் ஃபில்டரை ஒவ்வொரு நாள் வேலைக்குப் பிறகும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், செம்மண் தூசியில் சீக்கிரம் அடையும். பிளக் இடைவெளி 0.5 மி.மீ. ஒவ்வொரு முறை அரம் போடும்போதும் பாரைத் திருப்பிப் போட்டால் இரு பக்கமும் சமமாகத் தேயும். இரண்டு செயின் தேய்ந்தால் செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றுங்கள்.

வாங்கும் கடையிலேயே 3/8 பி (கண்ணி இடைவெளி அளவு), 1.3 மி.மீ. (பார் காடிக்குள் ஓடும் கண்ணியின் தடிமன்), 55 கண்ணியுள்ள செயின் இன்னொன்று, 4 மி.மீ. அரம், ஒரு பிளக் மூன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கண்ணி எண்ணிக்கை உங்கள் பாரில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.