பிரிண்ட் ஸ்கிரீனா, ஸ்னிப்பிங் டூலா, போன் கேமராவா?

மேற்கு மாம்பலம் வீட்டில் அப்பாவின் கணினிக்கு எட்டு வயது, விண்டோஸ் 10. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. பில் கட்டிவிட்டு, மானிட்டரையே போனில் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். படத்தில் ட்யூப்லைட் தெரியும், அவருடைய மூக்குக்கண்ணாடி தெரியும், நடுவில் எங்கோ தொகையும் தெரியும். போன தடவை ரசீது எண்ணில் இருந்தது மூன்றா எட்டா என்று இருவருமே திணறினோம். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்து, திரையைப் படமாக எடுக்க, அதாவது ஸ்கிரீன்ஷாட் எடுக்க, இருக்கிற வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். எது சுலபம் என்று பார்க்கவில்லை, எல்லாமே சுலபம்தான். எடுத்த படம் எங்கே போய் உட்காருகிறது என்றுதான் பார்த்தேன்.

போன் கேமராவில் எடுத்தால் அலை அலையாகக் கோடு விழுவதற்குக் காரணம் கை நடுக்கம் இல்லை. திரையின் புள்ளிகள் ஒரு கட்டம், கேமரா சென்சார் இன்னொரு கட்டம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாதபோது கோலம் போட்ட மாதிரி ஒரு வடிவம் எழும்பும். ஒரே ஒரு சமயத்தில் போன்தான் சரி: கணினியே நீலத்திரை காட்டி நின்றுவிட்டால். பழுதுபார்க்க ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், அந்தத் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, பிரிண்ட் ஸ்கிரீன் விசை. அப்பாவின் விண்டோஸ் 10-ல் அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். காப்பி செய்வதைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் கிளிப்போர்டுக்கு முழுத்திரையும் போயிருக்கும், அவ்வளவுதான். ஆல்ட் சேர்த்து அழுத்தினால் முன்னால் திறந்திருக்கும் ஜன்னல் மட்டும். பெயிண்டில் ஒட்டிச் சேமித்தால்தான் அது ஃபைல். அப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததும் உடனே பிடித்துக்கொண்டார். விசையை அழுத்தினார். அப்புறம் நோட்பேடில் இருந்த சர்வீஸ் நம்பரைக் காப்பி செய்தார். பெயிண்டைத் திறந்து ஒட்டினால் வந்தது படம் இல்லை. கிளிப்போர்டு ஒரு பொருளுக்கான இடம், புதியது வந்தால் பழையது போய்விடும். விண்டோஸ் கீயோடு வி அழுத்தி கிளிப்போர்டு வரலாற்றை ஆன் செய்துவைத்தால் 25 வரை நினைவில் வைக்கும். ஆனால் கணினியை மறுபடி தொடங்கினால், 'பின்' (Pin) குறியைத் தட்டி நிறுத்தி வைக்காதவை காலி.

இதற்குப் பக்கத்திலேயே உள்ள விண்டோஸ் கீ + பிரிண்ட் ஸ்கிரீனை ஏன் யாரும் பேசுவதில்லை என்று தெரியவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கிறது. அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கும், பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் எண்ணிட்ட பி.என்.ஜி. படம் தானாக விழும். ஒட்ட வேண்டாம், பெயர் கேட்காது. முழுத்திரையும் வருவது குறைதான், பிரவுசரின் பக்கத்து டேபில் (tab) என்ன திறந்திருக்கிறது என்பதும் சேர்ந்து வரும். ஆனால் பணம் கட்டும்போது அதே குறை உதவிக்கும் வருகிறது: கீழே மூலையில் தேதியும் நேரமும் பதிவாகிவிடும்.

விண்டோஸ் கீ + ஷிஃப்ட் + எஸ் வேறு ரகம். வேண்டிய இடத்தை மட்டும் எலியால் இழுத்து வெட்டலாம். யாருக்காவது உடனே அனுப்ப இதைவிட வேகமானது இல்லை. விண்டோஸ் 11-ல் இந்த விசைகள் திறப்பது ஸ்னிப்பிங் டூல் என்ற வெட்டும் கருவியை; அது வெட்டியதைத் தானே சேமித்தும் வைக்கும். அப்பாவின் விண்டோஸ் 10-ல் அந்த வசதி கிடையாது. மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்பைத் தட்டிச் சேமிக்காவிட்டால் மறுபடியும் கிளிப்போர்டு கதைதான். ஆகவே அனுப்ப இது, வைத்துக்கொள்ள முந்தையது.

தனியாக நிறுவிக்கொள்ளும் ஸ்கிரீன்ஷாட் மென்பொருள்களும் உண்டு. கிரீன்ஷாட், ஷேர்எக்ஸ் இரண்டும் இலவசம், திறந்த மூலம். அம்புக்குறி போட, எண்ணிட்டுக் காட்ட கிரீன்ஷாட் போதும். ஷேர்எக்ஸில் இல்லாதது இல்லை, அதுதான் தொந்தரவும். தினமும் விளக்கக் குறிப்பு எழுதுகிறவருக்கு வரம், பில் கட்டுகிற அப்பாவுக்கு வேண்டாத சுமை. போட்டால், படத்தை இணையத்தில் ஏற்றும் அமைப்பு எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

நீண்ட பக்கம் முழுதும் வேண்டுமா? தனி மென்பொருள் தேவையே இல்லை. ஃபயர்பாக்ஸ், எட்ஜ் பிரவுசர்கள் இரண்டிலும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தி, வரும் கருவியில் முழுப் பக்கம் என்று தேர்ந்தால் எடுத்துத் தரும். குரோமில் இது டெவலப்பர் கருவிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது: ரசீதுக்கு ஸ்கிரீன்ஷாட்டே எதற்கு? கண்ட்ரோல் + பி அழுத்தி, பிரிண்டர் இடத்தில் பி.டி.எஃப். ஆகச் சேமி என்று தேர்ந்தால் எண்களைக் காப்பி செய்யக்கூடிய ரசீதே கிடைத்துவிடும். மூன்றா எட்டா என்ற குழப்பம் அங்கே கிடையாது. பக்கம் கோணல்மாணலாக அச்சானால் மட்டும் விண்டோஸ் கீ + பிரிண்ட் ஸ்கிரீன். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும், சின்ன எழுத்து குழம்பும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

படத்தை அனுப்பும் முன் அதில் உள்ள எண்களை மறைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆதார் எண்மேல் ஹைலைட்டரால் நாலு தடவை தேய்த்தால் மறைந்த மாதிரி இருக்கும், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் அடியில் எண் தெரியலாம். மங்கலாக்குவதும் அப்படித்தான். முழுக் கறுப்புக் கட்டம் ஒன்றே நம்பகமானது. வெட்டிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2023-ல் விண்டோஸின் இதே வெட்டும் கருவிகளில் ஒரு பிழை வெளிவந்தது. சேமித்த படத்தைத் திறந்து ஓரத்தை வெட்டி அதே ஃபைலில் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு ஃபைலுக்குள்ளேயே தங்கியிருந்தது. அந்த மார்ச்சிலேயே சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான். ஆதாருக்கு மட்டும் இத்தனை பாடு தேவையில்லை. கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை அதன் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அப்பாவின் மானிட்டர் ஓரத்தில் இப்போது ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது: 'ரசீது: கண்ட்ரோல் பி. மற்றதெல்லாம்: விண்டோஸ் + பிரிண்ட் ஸ்கிரீன்.' அந்தச் சீட்டையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.