வகை வாரியா, ஃபீச்சர் வாரியா? ரியாக்ட் ஃபோல்டர்களைப் பிரிப்பது பற்றி

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசு மொத்த வியாபாரி ஒருவருக்கு ஆர்டர் எடுக்கும் செயலி ஒன்றை ரியாக்ட்டில் (திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) எழுதித் தருகிறோம். கோடு ஃபோல்டர்களை ஃபீச்சர் வாரியாக, அதாவது செயலி செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாக, பிரித்துவிட்டோம், அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ரகசியம் இல்லை.

வகை வாரி முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: காம்பொனென்ட்ஸ் (திரையின் துண்டுகள்) ஒரு ஃபோல்டர், ஹூக்ஸ் (காம்பொனென்ட்கள் பயன்படுத்தும் ரியாக்ட் ஃபங்ஷன்கள்) ஒரு ஃபோல்டர், ஏபிஐ (சர்வரோடு பேசும் கோடு) ஒரு ஃபோல்டர். சின்ன வேலைக்கு இதுவே போதும். ஆரம்பத்தில் ஃபோல்டர் அமைப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்று ரியாக்ட்டின் பழைய ஆவணமே சொல்லியிருந்தது.

ஃபீச்சர் வாரி என்றால் ஆர்டர், ஸ்டாக், கூலி என்று தனித்தனி ஃபோல்டர். அதனதன் திரை, ஹூக், ஏபிஐ அழைப்பு, டெஸ்ட் எல்லாம் அதற்குள்ளேயே. செயலியின் தரவை நிர்வகிக்கும் ரீடக்ஸ் லைப்ரரியின் ஸ்டைல் கைடும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. தேடுவது சுலபம் என்பார்கள், அது எனக்குப் பெரிய காரணமாகப் படவில்லை, விஎஸ் கோடு எடிட்டரில் கன்ட்ரோல் பி அடித்தால் எந்த ஃபைலும் வந்துவிடும். முக்கியமான விஷயம் நீக்குவது. "கூலிக் கணக்கு நோட்டுலயே இருக்கட்டும், எடுத்துடுங்க தம்பி" என்றார் வியாபாரி. கூலி ஃபோல்டரை அப்படியே அழித்தோம், ரூட்டரிலும் (எந்த முகவரிக்கு எந்தத் திரை என்று சொல்லும் கோடு) மெனுவிலும் இருந்த வரிகளை எடுத்தோம், கோடில் பிழை பார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் ஒரே இடத்தில்தான் கத்தியது: எடையை மூன்று தசமம் வரை காட்டும் ஃபங்ஷனை ஆர்டர் திரை கூலியிலிருந்து இம்போர்ட் செய்திருந்தது. அதைப் பொதுவானவற்றுக்கான ஷேர்டு ஃபோல்டருக்கு நகர்த்தினோம், முடிந்தது. வகை வாரியாக இருந்திருந்தால் நாலு ஃபோல்டரில் துழாவி, இந்த ஹூக்கை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களோ என்ற பயத்தில் பாதியை விட்டுவைத்திருப்போம்.

ஆனால் ஃபீச்சர் வாரி தானாக ஒழுங்காக இருக்காது. ஒரு ஃபீச்சர் இன்னொன்றின் உள்ளே கையை விட ஆரம்பித்தால் ஃபோல்டர் பெயர்தான் மிச்சம். கோடில் விதிமீறலைக் கண்டுபிடிக்கும் ஈஎஸ்லின்ட்டின் இம்போர்ட் ப்ளகினில், எந்த ஃபோல்டர் எதிலிருந்து இம்போர்ட் செய்யக்கூடாது என்று சொல்லும் நோ-ரெஸ்ட்ரிக்டட்-பாத்ஸ் விதியைப் போட்டால் பில்டுக்கு முன்பே பிடித்துவிடும். ஷேர்டு ஃபோல்டர் குப்பைத்தொட்டி ஆகாமல் இருக்க, இரண்டு ஃபீச்சருக்காவது தேவைப்பட்டால்தான் அங்கே இடம்.

நாங்கள் சின்ன டீம். ஃபீச்சர்-ஸ்லைஸ்டு டிசைன் மாதிரி அடுக்கடுக்கான முறைகளைப் படித்துப் பார்த்ததோடு சரி. இருபது பேர் தொடும் கோடுக்கு அது தேவைப்படலாம். ஏற்காட்டு ஹோம்ஸ்டே ஒன்றுக்குச் செய்த நாலு பக்கத் தளம் இன்னமும் வகை வாரிதான், அதை மாற்றும் எண்ணமும் இல்லை.