சொல்வளம் பெருக எது உதவும்: பட்டியலா, அகராதியா, கதையா?

தமிழ்ப் பாடநூலில் செய்யுளுக்குக் கீழே 'சொல்லும் பொருளும்' என்ற பகுதி இருக்கும். பல வகுப்புகளில் சொல்வளப் பயிற்சி அதோடு முடிந்துவிடுகிறது. மனப்பாடம் நமக்குப் புதிதல்ல. சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூலான, மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். அது விருத்தப்பாவில் அமைந்த நூல். ஓசை நினைவுக்குத் துணைநின்றது. இன்றைய பட்டியலில் அந்த ஓசையும் இல்லை. 'உவகை – மகிழ்ச்சி' என்று தேர்வில் பிழையில்லாமல் எழுதும் பிள்ளை, 'உவகை'யை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் திகைத்து நிற்கிறது.

அதற்காகப் பட்டியலை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒருமுறை படித்ததில் பெரும்பகுதி சீக்கிரமே மறந்துபோகும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் 1885இலேயே சோதித்து எழுதிவிட்டார். சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி, மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளி விட்டுக் கேட்டால் பட்டியலும் பலன் தரும். தேர்வுக்கு முந்தைய இரவில் மொத்தமாக உருப்போடுவதுதான் வீண்.

அகராதி பார்க்கும் பழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் சிறு வகுப்புகளுக்கு அது கடினம். கதையில் 'நொந்தான்' என்று படித்த பிள்ளை 'நோ' என்ற இடத்தில் தேட வேண்டும். 'கண்டான்' என்பதற்குக் 'காண்'. வேர்ச்சொல்லைப் பிரித்தறியத் தெரியாதவரை பக்கங்களைப் புரட்டிச் சலிப்பதே மிஞ்சும். ஆறாம் வகுப்புக்குப் பிறகு கொடுக்கலாம். அப்போதும் பல தொகுதிகளாக விரியும் சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனைவிட, 1992இல் முதலில் வெளிவந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'தான் பள்ளிப் பிள்ளைக்கு ஏற்றது. அது இன்றைய வழக்கை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்குகிறது.

என் தேர்வு, ஆசிரியர் வாய்விட்டுப் படித்துக்காட்டும் கதை. தானாகப் படிக்கும்போது வரிக்கு வரி தெரியாத சொல் குறுக்கிட்டால், தடுமாறிப் படிக்கும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். பிறர் படிக்கக் கேட்கும்போது குரலும் முகபாவமும் கதைப்போக்கும் பொருளைப் பாதி சொல்லிவிடுகின்றன. மீதிப் பாதியை ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக் கூடாது; ஊகம் தவறாகவும் போகும். ஆகவே ஒரு கதைக்கு இரண்டு மூன்று சொற்களில் மட்டும் நிறுத்தி, பொருளைத் தெளிவாகச் சொல்லி, 'நீ எப்போது அப்படித் தவித்தாய்?' என்பது போல ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளை தன் அனுபவத்தை அந்தச் சொல்லால் சொல்லும்போதுதான் அது அதன் சொல்லாகிறது. பத்துச் சொற்களில் நிறுத்தினால் கதை செத்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் நிலைமை வேறு. படித்துக்காட்ட நேரமோ எழுத்தறிவோ இல்லாத பெற்றோர் பலர். பாடநூலில் இல்லாத சொற்செல்வம் அவர்களிடம் உண்டு. வரப்பு, மடை, நாற்றங்கால் என்று வயலில் நின்று தாத்தா சொல்லும் சொற்களைப் பிள்ளை கண்ணால் பார்த்தே கற்கிறது. பாட்டியின் விடுகதைகளும் அப்படித்தான்: ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டால்தான் விடை கிடைக்கும். 'வீட்டில் கேட்ட ஒரு சொல்லைக் கொண்டு வா' என்று ஆசிரியர் வெள்ளிக்கிழமை சொல்லியனுப்பி, திங்களன்று அவற்றைக் கரும்பலகையில் எழுதினால், அந்த வாரத்து அட்டைகளுக்கான சொற்கள் அங்கேயே கிடைத்துவிடும்.