சாப்பா மலைச்சந்தை பார்க்கக் காசு கட்டுமுன் ஞாயிற்றுக்கிழமை எங்கே நிற்பீர்கள் என்று கேளுங்கள்

எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீட்டார் வியட்நாமுக்குப் போய் வந்துவிட்டார்கள். அங்கே வடக்கில், சாப்பா மலைக்கிராமங்களில் நடந்து, மலைவாழ் மக்களின் வாராந்தச் சந்தையையும் பார்க்கலாம் என்று சொல்லும் குழுப்பயணத்துக்குக் காசு கட்ட யாராவது நினைத்திருந்தால், இதை வாசித்துவிட்டுக் கட்டுங்கள். நாங்கள் மூன்று பேர். தலைக்கு 345,000 ரூபா. சொன்ன சந்தையையும் பார்க்கவில்லை, சொன்ன ஊரிலும் தங்கவில்லை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பயண முகவரின் பெயரை இங்கே எழுதவில்லை.

போனது நான், என் கணவர், மாமி. உண்மையில் மாமிக்காகத்தான் போனோம். கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருடம் நெசவு நிலையத்தில் தறியில் இருந்தவர் அவர். நான் வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறேன். ஒரு நாள், அந்த மலைகளில் வாழும் ஹ்மொங் இனப் பெண்கள் நார் திரிப்பதைப் போனில் காட்டினேன். ஹெம்ப் செடியின் தண்டில் உரித்த நாரை, நடந்துகொண்டே கைவிரலால் திரித்து ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். மாமி அதை ஆறேழு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். "இவையின்ரை தறியை ஒருக்கா நேரிலை பாக்கவேணும் பிள்ளை" என்றார். 67 வயதில் அவர் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் அது.

முகவரின் தாளில் இருந்தது இதுதான்: இரண்டு நாள் மலைநடை, ஒரு இரவு கிராமத்து வீட்டில் தங்கல், உள்ளூர் வழிகாட்டி, மலைவாழ் மக்களின் வாராந்தச் சந்தை, மாமிக்கு மூன்று வேளையும் சைவச் சாப்பாடு. கூடவே பூவேலை செய்த பாவாடைகளோடு பெண்கள் நிறைந்த ஒரு சந்தைப் படம். ஊர்ப் பெயரும் இல்லை, சந்தைப் பெயரும் இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அந்தப் படத்தில் இருந்தது பாக் ஹா சந்தை. சாப்பாவிலிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர், மலைப்பாதையில் மூன்று மணித்தியாலம் வரை எடுக்கும். பூ ஹ்மொங் என்று சொல்லப்படும் மக்கள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து இறங்கி வந்து எருமை, குதிரை, துணி, நூல், சோளச் சாராயம் எல்லாம் விற்று வாங்குவார்கள். பெரிய சந்தை ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் கூடி மதியத்தோடு கலைந்துவிடும். அந்தப் பகுதிச் சந்தைகள் எல்லாம் நாள் குறித்தவை: கான் காவ் சனிக்கிழமை, கொக் லி செவ்வாய்க்கிழமை.

எங்கள் பயணம் எப்படி அமைந்தது தெரியுமா? சனிக்கிழமை ஹனோயில் இறங்கினோம். ஞாயிறு முழுவதும் ஹனோயில். திங்கள் காலை பஸ் ஏறிச் சாப்பா. புதன் மதியம் திரும்பல். நல்லூரில் கொடியேறும் நாளில் ஒருவரைக் கூட்டி வந்து, மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டு, தேர் காட்டினேன் என்று காசு வாங்குவது எப்படியோ அப்படித்தான் இது. தேர் 24ஆம் நாள் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹனோயிலிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள சந்தையின் நாள் எங்களுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் என்றுதானே முகவரிடம் காசு கட்டுகிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை மூன்று கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். முத்துக் கடை, மூங்கில் நார்த் துணிக் கடை, மூலிகை மருந்துக் கடை. ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம், கதவடியில் பஸ் பூட்டிக் கிடக்கும். பாக் ஹாவில் சந்தை நடந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் முத்துக் கடைக் கதிரையில் இருந்திருக்கிறோம். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சாப்பா நகரம் 1,500 மீற்றருக்கு மேல். குளிர், மூடுபனி. வந்த இரவு கிராமத்து வீடு இல்லை, நகரத்து ஹோட்டல். "மழையாம், பாதை சறுக்குமாம்" என்றார் எங்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பொறுப்பாளர். அன்று மழை பெய்யவில்லை. செவ்வாய் காலை நடை என்று கூட்டிப்போனது கட் கட் என்ற இடம். நகரத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர்தான். நுழைவுச்சீட்டு வாங்கி, கல்படியில் இறங்கி, இருபக்கமும் கடைகளுக்கு நடுவே போகவேண்டும். வாடகைக்கு உடுப்பு உடுத்திப் படம் எடுக்கிறார்கள். அது ஹ்மொங் மக்களின் ஊர்தான், அருவியும் வடிவுதான். ஆனால் இரண்டு நாள் மலைநடை என்று எங்களிடம் விற்றது அதை அல்ல. ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.

அங்கே ஒரு கடையில் நீலத் துணி ஒன்றை நான் கையால் செய்தது என்று நம்பி எடுத்தேன். மாமி வாங்கி, மறுபக்கம் திருப்பினார். "இது அச்சு, பிள்ளை. பின்பக்கம் வெளிறிக் கிடக்கு பார்." இது எல்லோருக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். தேன்மெழுகால் கோலம் வரைந்து சாயத்தில் தோய்த்த துணியில் சித்திரம் இரண்டு பக்கமும் தெரியும். மெழுகு வெடித்த மெல்லிய கோடுகள் அங்குமிங்கும் ஓடும். புதுத் துணியென்றால் சாயம் கையிலும் கொஞ்சம் ஒட்டும்.

பின்னேரம் "சந்தை" என்று காட்டியது சாப்பா நகரத்தின் கொங்கிறீட் கட்டடத்தில் தினமும் நடக்கும் சந்தை. நான் தாளை எடுத்து நீட்டினேன். "அக்கா, சந்தைதானே போட்டிருக்கு, இதுவும் சந்தைதான்" என்றார் பொறுப்பாளர். அன்று செவ்வாய்க்கிழமை. கொக் லியில் உண்மையான மலைச்சந்தை கூடிய நாள். அங்கேயாவது கொண்டுபோயிருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். மாமி சுத்த சைவம். முதல் மூன்று வேளையும் அவருக்கு வந்த கீரையிலும் நூடில்ஸிலும் மீன் சாறு கலந்திருந்தது. அந்த நாட்டில் அது நாங்கள் உப்புப் போடுவது போல. மணத்திலேயே கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டு வாழைப்பழமும் பிஸ்கட்டும் சாப்பிட்டார். "அன் சாய்" என்றால் அவர்கள் மொழியில் சைவம் சாப்பிடுதல். அந்தச் சொல்லை எழுதிக் காட்டினால் மீன் சாறு இல்லாமல் செய்து தருகிறார்கள். இதை எங்களுக்குச் சொன்னது ஹோட்டலில் பாத்திரம் எடுத்த பெண், பொறுப்பாளர் இல்லை.

புதன் விடிய ஆறு மணிக்கு, ஹோட்டல் வாசலில் கூடையோடு நின்ற ஒரு ஹ்மொங் பெண்ணிடம் நாங்களே கதைத்தோம். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். வாடகைக் காரில் முவோங் ஹோவாப் பள்ளத்தாக்கில் லாவோ சாய் பக்கம் இறங்கி, மாமியின் முழங்காலுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக வரப்போடு நடந்தோம். மே மாதக் கடைசி. படிப்படியான வயல்களில் தண்ணீர் நிறைந்து, நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். விளம்பரத்தில் இருந்த பொன்நிற வயல் செப்டெம்பரில்தான் வரும், அதுவும் அங்கே போய்த்தான் தெரிந்தது. அவருடைய வீட்டில் தறி இருந்தது, நீலச் சாயப் பீப்பா இருந்தது. அவருடைய விரல்கள் நகக்கண் வரைக்கும் கருநீலம். மாமி கேளாமலே போய் நூலைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பெண் எழும்பித் தன் இடத்தைக் கொடுத்தார். ஒரு சொல்லும் பேசாமல் இருவரும் அரை மணித்தியாலம் அந்தத் தறியோடு இருந்தார்கள். நாங்கள் பதினொரு மணிக்கே திரும்பவேண்டியிருந்தது, பஸ் போய்விடும். மாமி வரும் வழியெல்லாம் அழுதார். இரண்டு நாள் இருந்திருக்கவேண்டிய இடத்தில் அவருக்குக் கிடைத்தது அந்த அரை மணித்தியாலம்தான். எனக்குப் பொறுக்கமுடியாமல் இருப்பது இதுதான், காசு அதற்குப் பிறகு.

காசு விஷயமும் இருக்கிறது. விசாவுக்குத் தலைக்கு 22,000 ரூபா வாங்கினார்கள். வியட்நாம் அரசின் இணையவழி விசாவுக்கு ஒருமுறை நுழைவுக் கட்டணம் 25 டொலர், நாங்களே வீட்டிலிருந்து விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் எடுப்பது பிழை இல்லை, அதைச் சொல்லிவிட்டு எடுக்கவேண்டும்.

திரும்பி வந்து எழுத்தில் கேட்டேன். "நிகழ்ச்சி நிரல் மாற்றத்துக்கு உட்பட்டது" என்று தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறதாம். அடுத்த பயணத்தில் 10,000 ரூபா கழிவு தருகிறார்களாம். வேண்டாம் என்றேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறேன், அவர்களின் இலக்கம் 1977. முகவர் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்தவரா என்பதைக் காசு கட்டுமுன் கேட்டிருக்கவேண்டும், நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். எந்த ஊர், எந்தச் சந்தை, எந்த இரவு யார் வீட்டில் என்று பெயரோடு பற்றுச்சீட்டின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள். ஞாயிறு சாப்பாவிலோ பாக் ஹாவிலோ நிற்காத பயணத்தில் அந்தப் படத்துச் சந்தை இல்லை.

போன கிழமை அதே விளம்பரம் திரும்ப வந்திருக்கிறது, ஓகஸ்ட் விடுமுறைப் பயணமாம். அதே சந்தைப் படம். நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சனிக்கிழமை ஹனோய், திங்கள் முதல் புதன் வரை சாப்பா.