கணினி கற்றுத்தந்த இதழும் காணாமல் போன ‘இ’யும்

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் மின்தூக்கி அருகே என்னை நிறுத்திக் கேட்டாள். “ஆன்ட்டி, அம்மா ஊர்லேருந்து வந்துட்டாங்க, இனிமே இங்கதான். வீட்டுல கம்ப்யூட்டர் சும்மாதான் கிடக்கு. அவங்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நீங்க ஏதோ தமிழ்ப் பத்திரிகை பார்த்தே கத்துக்கிட்டீங்களாமே, அது அவங்களுக்குச் சரியா வருமா?” பதில் சொல்வதற்குள் மின்தூக்கி வந்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அன்று காலைதான் என் பழைய கணினியைப் பழுது பார்த்து வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன். அதனால் இதில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும்.

கணினி 2000ஆம் ஆண்டுக் கடைசியில் இங்கே சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் வாங்கியது. விண்டோஸ் 98, 64 எம்பி நினைவகம், மேசையில் பாதியை அடைக்கும் 15 அங்குலத் திரை. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்ததுதான். மகனுக்காக வாங்கினோம். அவன் பள்ளிக்குப் போனபின் மதியம்வரை அதன்மேல் துணி மூடிக் கிடக்கும். எனக்கு அப்போது 42 வயது. நான் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியில் படித்தவள். 1982ல் மூடிவிட்டார்களே, அந்தப் பள்ளிதான். ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் நிதானமாக. திரையில் திடீரென ஒரு பெட்டி வந்து நின்று ஏதோ கேட்கும். அது என்ன கேட்கிறது என்று புரிவதற்குள் பதற்றத்தில் கை எதையாவது அழுத்திவிடும். இரண்டு முறை அப்படி ஆனதும் துணியை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

சிராங்கூன் சாலையில் வார இதழ்கள் வாங்கும் கடையில்தான் அந்த இதழ் கண்ணில் பட்டது. தமிழ்நாட்டிலிருந்து மாதம் ஒருமுறை வரும். ‘முதன்முதலாகக் கணினி முன் உட்காருபவர்களுக்கு’ என்று அட்டையிலேயே போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காக வாங்கினேன். அதன்பின் மூன்று வருடம் ஒரு மாதம்கூட விடவில்லை.

அதன் முதல் பாடம் என்ன தெரியுமா? சீட்டாட்டம். விண்டோஸோடு வரும் சாலிடேரை ஒரு வாரம் விளையாடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வீட்டில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று இருந்தது. ஆனாலும் சொன்னபடி செய்தேன். முதல் நாள் சீட்டைப் பிடித்து இழுப்பேன், பாதி வழியில் விரல் தளரும், சீட்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும். நான்காம் நாள் சிவப்பு ஒன்பதைக் கறுப்புப் பத்தின்மேல் கொண்டுபோய் வைத்தேன். அப்போது சுட்டி கையிலேயே முளைத்ததுபோல் இருந்தது. அழுத்துவது, பிடித்து இழுப்பது, விடுவது என்ற மூன்றையும் யாரும் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடாமல் கற்றுக்கொண்டேன். மகனும் சொல்லித்தந்தான்தான். ஆனால் அவன் கை என் கையைத் தள்ளிவிட்டு “இப்படிம்மா” என்று நொடியில் செய்து முடித்துவிடும். இதழ் அப்படி இல்லை. பக்கத்தை விரித்து வைத்தால், நான் எத்தனை முறை கேட்டாலும் அதே வரியைச் சொல்லிக்கொண்டு அப்படியே இருக்கும்.

இரண்டாம் இதழில் ஒரு பக்கம் முழுக்க ஒரே விஷயம். எதையாவது தவறாக அழித்துவிட்டால் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இசட்டைத் தட்டுங்கள், போனது திரும்பி வரும். அதைச் செய்து பார்த்த அன்றைக்கு என் பயம் போனது. இன்றைக்கும் யாருக்குச் சொல்லித்தந்தாலும் முதலில் அதைத்தான் சொல்லித்தருகிறேன்.

இன்னொரு நல்ல குணம் அவர்கள் சொற்களைக் கையாண்ட விதம். திரையில் இருப்பதோ ஆங்கிலம், படிப்பவருக்குத் தெரிந்ததோ தமிழ். சில புத்தகங்கள் ‘கோப்பைத் திறந்து சேமிக்கவும்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். கோப்பு என்பது திரையில் எந்தச் சொல் என்று நாம் தேட வேண்டும். இந்த இதழில் ஒரு சொல் முதல்முறை வரும்போது, திரையில் அது எந்த மூலையில் இருக்கிறது, பார்க்க எப்படி இருக்கும், தமிழில் அதை என்ன சொல்லலாம் என்று மூன்றும் சொல்லிவிடுவார்கள். கோப்புறை என்ற சொல் எனக்கு அப்படித்தான் படிந்தது. ஊரில் கணிப்பொறி என்பார்கள், நாம் இங்கே கணினி என்போம், அந்தச் சின்ன வேறுபாடு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அப்புறம் தமிழ்த் தட்டச்சு. ஓர் இதழோடு குறுந்தட்டு ஒன்று வந்தது. அதில் தமிழ்நெட் 99 விசைப்பலகையும் (தமிழ் 99 என்றும் சொல்வார்கள்) ஓர் எழுத்துருவும் இருந்தன. அந்த விசைப்பலகையை வடிவமைத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று அடிக்க நான்கே தட்டல். இடக்கைச் சுண்டுவிரலால் அ, வலக்கை நடுவிரலால் ம இரண்டு முறை, மறுபடி சுண்டுவிரலை மேல்வரிசைக்கு நீட்டி ஆ. முதல் ம மேல் புள்ளி தானாக விழுந்துவிடும். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த விசைப்பலகைப் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினேன். இரண்டு மாதத்தில் படத்தைப் பார்க்காமலே கை ஓடியது.

கை ஓடத் தொடங்கியதும் அம்மாவை உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். 1953ல் நாகப்பட்டினத்தில் படகில் போய் ரஜூலா கப்பல் ஏறியது, வாந்திக்குப் பாட்டி கட்டிக்கொடுத்த இஞ்சி மரப்பா, கப்பலில் ஏழு நாள், இங்கே இறங்கிப் பார்த்த முதல் இரவு. 2002, 2003 இரண்டு வருடம் மதிய வேளைகளில் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 41 பக்கம் வந்தது. 2005ல் அம்மா தவறிவிட்டார்.

அந்த 41 பக்கத்தை இன்றைக்கு என் பழைய கணினியை விட்டால் வேறெதிலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. என் குறை இது ஒன்றுதான்.

மகன் எனக்கு விளக்கியது இது. அந்தக் கால எழுத்துரு என்பது 256 அறைகள் கொண்ட அலமாரி மாதிரி. முதல் பாதியில் ஆங்கிலம் இருக்கும். மீதி அறைகளில் தமிழ் எழுத்துகளை ஒவ்வொருவரும் தங்கள் விருப்பப்படி அடுக்கிக்கொண்டார்கள். கோப்பில் பதிவாவது அறை எண் மட்டும்தான். அதே அலமாரி இருந்தால் அது தமிழ். இல்லாவிட்டால் ஐரோப்பிய எழுத்துகளும் தலைகீழ்க் கேள்விக்குறிகளும்தான் தெரியும். கைப்பேசியில் அனுப்பினால் ஈப்போவில் இருக்கும் என் தம்பிக்கு அதுதான் வருகிறது. சரி, புதுக் கணினியில் பழைய எழுத்துருவையே போட்டுப் பார்ப்போம் என்று போட்டோம். தமிழ் வந்தது. ஆனால் ‘இ’ மட்டும் எங்குமே இல்லை. இந்த எழுத்துருக்காரர்கள் ‘இ’யை வைத்தது 173ஆம் அறையில். இப்போதைய மென்பொருள்களுக்கு அந்த எண் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்கோடு (ஹைஃபன்), அதனால் அங்கே எதையும் காட்டுவதில்லை. இரவு ‘ரவு’ ஆகிவிட்டது. இஞ்சி மரப்பா ‘ஞ்சி மரப்பா’ ஆகிவிட்டது. அம்மா பேச்சில் ஐந்து வரிக்கு ஒரு ‘இல்லை’ வரும். எல்லாம் ‘ல்லை’, ‘ல்லை’ என்று கிடக்கிறது.

மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. திஸ்கி, டாப், டாம், பாமினி என்ற பழைய அடுக்குமுறைகள் எல்லாவற்றையும், இப்போது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற அடுக்குக்கு நொடியில் மாற்றித் தருகின்றன. இந்த எழுத்துரு அந்தப் பட்டியல் எதிலும் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவதும் இங்கேதான். இதெல்லாம் யாருக்கும் தெரியாத காலம் என்றால் மனம் ஆறிவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தானே 1997லேயே நம் சிங்கப்பூரில் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார்? 1999ல் சென்னை மாநாட்டையொட்டி விசைப்பலகைக்கு ஒரு தரமும், எழுத்துக் குறியீட்டுக்கு டாப், டாம் என்ற தரங்களும் வந்துவிட்டன. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தது. விசைப்பலகைக்குத் தரத்தைப் பின்பற்றியவர்கள் எழுத்துருவுக்கு மட்டும் ஏன் சொந்த அடுக்கு வைத்தார்கள்? ‘இதில் அடிப்பதை இந்த எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாது’ என்று அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாமே. சீட்டாட்டத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கச் சொன்னவர்களுக்கு இந்த ஒரு வரிக்கு இடமில்லையா? முதன்முதலாக உட்காருபவர் எழுதியதைக் கண்ணால் பார்ப்பார், உள்ளே என்ன பதிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கற்றுத்தருபவர்தான் அதை அவருக்காக யோசித்திருக்க வேண்டும்.

அதனால்தான் இந்தப் பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். ‘இ’ அதில் மட்டும்தான் வருகிறது. நான்கு வருடம் முன்பு உள்ளே இருக்கும் வட்ட மின்கலம் தீர்ந்து, ஒவ்வொரு முறையும் தேதி 1999 ஜனவரிக்குப் போய் நின்றது. சிஆர்2032 என்று கடையில் கேட்டு வாங்கி நானே மாற்றினேன். இந்த முறை மின்வழங்கி செத்துவிட்டது. பழுதுபார்த்த தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, இதுக்குப் போய்க் காசு செலவு பண்றீங்களே” என்றார். விஷயத்தைச் சொன்னேன். மறுபேச்சு பேசாமல் பொருத்தமான இணைப்பு உள்ளதாகப் பார்த்துத் தேடி மாட்டித் தந்தார். 70 வெள்ளி. கணினியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. இருபத்தைந்து வருடத்தில் இந்த இரண்டே செலவு.

இப்போது மேசையில் இரண்டு திரை. பழையதைப் பார்த்துப் புதியதில் யூனிகோடில் அடிக்கிறேன். ஒரு மதியத்துக்கு ஒரு பக்கம், கண் ஒத்துழைத்தால் ஒன்றரை. 17 பக்கம் முடிந்திருக்கிறது. கப்பல் இன்னும் பினாங்கைத் தாண்டவில்லை. முடிந்தவரை தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், இந்த முறை அவன் கைப்பேசியில் தமிழாகவே போய்ச் சேர்ந்தது.

சரி, அந்தப் பெண்ணுக்கு என் பதில். எனக்கு வாய்த்த ஆசிரியர்களிலேயே பொறுமையான ஆசிரியர் அந்த இதழ். அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அம்மாவுக்கு அதைக் கொடுக்காதே. பழைய இதழ்களைத் தேடி விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். கைப்பேசிக்குச் சமூக மன்றங்களில் மின்னிலக்கத் தூதர்கள் இருக்கிறார்கள், அருமையாகச் சொல்லித்தருகிறார்கள். கணினிக்கு நான் இருக்கிறேன். உன் வீட்டுக் கணினியில் விண்டோஸ் புதிது என்றால் தமிழ் 99 விசைப்பலகை அதற்குள்ளேயே இருக்கும், அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும், குறுந்தட்டு எதுவும் வேண்டாம். அதில் அடிப்பதெல்லாம் யூனிகோடுதான்.

முதல் இரண்டு இதழ்களை மட்டும் இரவலாகத் தருகிறேன். சீட்டாட்டப் பக்கத்தையும் இசட் பக்கத்தையும் மடித்து வைத்திருக்கிறேன், அதைத் தாண்டிப் புரட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அழைத்து வா. படிக்கும் கண்ணாடி போடுபவர் என்றால் அதையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்.