ராப்5ஏ புரதம்: பாக்டீரியாவில் செய்ததா, பூச்சிச் செல்லில் செய்ததா?

மண்டபம் பக்கம் ஒரு சிறு ஆய்வகம் மனித ராப்5ஏ வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 215 அமினோ அமிலங்கள், சுமார் 24 கிலோடால்டன். செல் உள்ளிழுக்கும் சரக்கு ஆரம்ப எண்டோசோமுக்கு, அதாவது அது முதலில் சேரும் சவ்வுப் பைக்கு, போய்ச் சேர்வதை ஒழுங்குபடுத்தும் புரதம்.

ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தது மலிவு, நிறையவும் கிடைக்கும். ஜிடிபி (GTP) என்ற நியூக்ளியோடைடைப் பிடிக்கிறதா, எந்தப் புரதத்தோடு சேர்கிறது என்று பார்க்க அதுவே தாராளம். சிக்கல் சவ்வில்தான். ராப்5 சவ்வில் நங்கூரமிடுவது சி-முனையின் (புரதச் சங்கிலியின் கடைசி முனை) இரண்டு சிஸ்டீன் அமினோ அமிலங்களில் ஏறும் ஜெரனைல்ஜெரனைல் கொழுப்பு வாலால். அதை ஏற்றும் நொதி பாக்டீரியாவில் இல்லை. லைப்போசோமோடு (செயற்கைக் கொழுப்புக் குமிழி) கலந்தாலும் புரதம் பெரும்பாலும் கரைசலிலேயே நிற்கும்.

பூச்சிச் செல்லில் வால் ஏறும், எல்லா மூலக்கூறுக்கும் அல்ல. வால் ஏறியதைச் சவ்விலிருந்து டிடர்ஜென்ட் போட்டுப் பிரிக்க வேண்டும், விலையும் கூட. எண்டோசோம் இணைவைச் சோதிப்பவர் மட்டும் இதற்குச் செலவழிக்கலாம். புரதத்தைப் பிரித்தெடுக்க ஒட்டும் ஹிஸ் டேக் என்-முனையில் (சங்கிலியின் தொடக்க முனை) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்; வால் ஏற சி-முனை காலியாக இருக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் மதுரையிலிருந்து டிரை ஐஸில் வரட்டும். சித்திரை வெயிலில் ஜெல் பேக்கை நம்பாதீர்கள். வந்ததும் சிறு பங்குகளாக்கி மைனஸ் 80இல் வையுங்கள். பஃபரில் மெக்னீசியம் இருக்கட்டும், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ வேண்டாம்: புரதத்திலிருந்து நியூக்ளியோடைடு கழன்றுவிடும்.