விங் வா இரட்டை மஞ்சள்கரு மூன்கேக்: மாணவர் வீட்டுக்கு ஒரு டப்பா

சீனச் சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமியன்று வரும் நடு இலையுதிர்கால விழா, பிரிட்டனில் படிக்கும் சீன மாணவர்களுக்கு எப்போதும் இக்கட்டான நேரத்தில்தான் வந்து சேர்கிறது. 2024இல் அது செப்டம்பர் 17. 2025இல் அக்டோபர் 6, திங்கட்கிழமை. சீனாவில் 2008 முதல் அது அரசு விடுமுறை. இங்கோ, புதிதாக வந்தவர்கள் பெட்டியைப் பிரித்து, வகுப்பறைக்கு வழி தெரிந்துகொள்வதற்குள் விழா வந்துவிடுகிறது. குடும்பத்தார் அனைவரும் ஒரே மேசையில் கூடவேண்டிய அந்த நாளில், முந்தைய வாரம் அறிமுகமான வீட்டுத்தோழர்களோடு கூடிச் சாப்பிட ஏதேனும் ஒன்று வேண்டும். மான்செஸ்டரில் சீன மாணவர்களோடு சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் தமிழ் மாணவன் என்ற முறையில், அந்த விழாவுக்கென்றே பூரணம் வைத்துச் சுடப்படும் பண்டமான மூன்கேக்கில், எங்கள் மேசைக்கு வந்த விங் வா நிறுவன டப்பாவைப் பற்றி எழுதுகிறேன்.

விங் வா, 1950இல் ஹாங்காங்கின் யூன் லாங் பகுதியில் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் புகழ்பெற்ற வகை, வெண்தாமரை விதைப் பூரணத்துக்குள் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள்கரு இரண்டை வைத்துச் சுடப்படுவது. தகர டப்பாவில் நான்கு கேக்குகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 185 கிராம். உறையைப் பிரித்தால், அச்சில் அழுத்திய சீன எழுத்துகளோடு பழுப்பு நிற மேலோடு மெல்லிய எண்ணெய்ப் பளபளப்புடன் தெரிகிறது. சர்க்கரைப் பாகும் காரநீரும் (அல்கலி நீர்) எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த இந்த மேலோடு, அடுப்பிலிருந்து எடுத்தவுடன் விறைப்பாகத்தான் இருக்கும். உள்ளிருக்கும் எண்ணெய் ஓரிரு நாளில் வெளிநோக்கி ஊறிவந்த பிறகே இந்த மென்மையும் பளபளப்பும் வரும். ஆகவே கடல் கடந்து வரும் டப்பாவுக்கு, பயண நாட்களால் பெரிய இழப்பு ஏதுமில்லை.

சுவையைப் பற்றிச் சொல்வதற்கு முன் வெட்டும் முறையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு முழு கேக்கை ஒருவர் தனியாகச் சாப்பிட முனைந்தால், பாதியிலேயே திகட்டி, அதற்குப் பிறகு மூன்கேக் என்றாலே முகம் சுளிப்பார். எட்டுத் துண்டாக வெட்டவேண்டும்; ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கவேண்டும், இல்லையெனில் மஞ்சள்கரு பூரணத்தில் இழுபட்டுத் துண்டுகள் அலங்கோலமாகிவிடும். சரியாக வெட்டிய துண்டில், செம்மஞ்சள் நிற மஞ்சள்கருவும் அதைச் சுற்றி எண்ணெய் கசிந்த மெல்லிய வளையமும் தெளிவாகத் தெரியும். பூரணம் நம் மோதகப் பூரணத்தைவிடப் பலமடங்கு வழவழப்பானது. தாமரை விதையின் மணம் மெல்லியதாக இருந்தாலும் சர்க்கரைக்குள் மறைந்துபோகவில்லை. மணல்போல் உதிரும் அந்த மஞ்சள்கருவின் உப்பு, இனிப்பை அறுத்துக்கொண்டு மேலே வருகிறது. பால் சேர்க்காத பூஅர் தேநீரோ தியகுவான்யின் தேநீரோ உடன் இருந்தால் இரண்டாம் துண்டுக்குக் கை போகும். பாலும் சர்க்கரையும் கலந்த நம்மூர்த் தேநீரோடு இதைச் சாப்பிடுவது, என் கருத்தில், வீண்.

விருந்துப் பண்டம் என்ற அளவில் இதற்கு முழு மதிப்பெண் தருவேன். ஊர் நினைவைத் தீர்க்கும் பண்டம் என்று பார்த்தால், யாருடைய ஊர் என்று கேட்கவேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் குவாங்சோ நகரைச் சேர்ந்த தோழிக்கு இது பிறந்த வீட்டுச் சுவை. ஷாங்காய்க்கு அருகிலுள்ள சூச்சோ நகரிலிருந்து வந்த தோழரோ, மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டதோடு நிறுத்திவிட்டார். அவர் ஊரில் மூன்கேக் என்பது, அடுக்கடுக்காக உதிரும் மேலோட்டுக்குள் பன்றி இறைச்சி வைத்து, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு சாப்பிடும் உப்புச் சுவை வகை. யூன்னான் மாகாணத்தில் உப்பிட்ட பன்றித்தொடையைத் தேன், சர்க்கரையோடு சேர்த்துப் பூரணமாக்குவார்கள். இத்தனை வகை இருந்தும் பிரிட்டனில், குவாங்சோ இருக்கும் குவாங்டாங் மாகாணத்துக்கும் ஹாங்காங்குக்கும் உரிய கான்டனீஸ் வகையே எங்கும் கிடைப்பதற்குக் காரணம் இங்குள்ள சீனர் குடியேற்ற வரலாறு. 1950களிலும் 60களிலும் வந்து உணவகம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் ஹாங்காங்கைச் சேர்ந்தவர்கள். மான்செஸ்டரின் ஃபாக்னர் தெருவில் 1987இல் எழுந்த சீன அலங்கார வளைவைச் சுற்றியுள்ள சைனாடவுனும், 1959இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஒருவர் 1970இல் பர்மிங்காமில் தொடங்கிய விங் யிப் பேரங்காடியும் அந்த மரபில் வந்தவையே. இன்று வரும் மாணவர்கள் சீனாவின் எல்லா மாகாணங்களிலிருந்தும் வருகிறார்கள். விழாப் பண்டம் மட்டும் இன்னும் பெரும்பாலும் ஒரே மாகாணத்தின் சுவையில் நிற்கிறது.

ஊரிலிருந்து எடுத்து வரலாமே என்றால், சீனாவிலிருந்து இறைச்சிப் பண்டங்களைப் பயணப் பெட்டியில் பிரிட்டனுக்குக் கொண்டுவருவது சட்டவிரோதம். சூச்சோ தோழருக்காக இணையக் கடை ஒன்றில் உறைநிலை இறைச்சி வகையைச் சொல்லிவைத்தோம். அது விழா முடிந்த பிறகு, பனி உருகி மேலோடு குழைந்த நிலையில் வந்து சேர்ந்தது. அவர் அதையும் சூடாக்கிச் சாப்பிட்டார், விங் வாவை விட அதுவே மேல் என்றும் சொன்னார்.

நேர வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளவேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் பிரிட்டன் சீனாவைவிட ஏழு மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே நிலா எழும்போது இங்கே முற்பகல் நேரம். இங்கே எழும்போது அங்கே நள்ளிரவு கடந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒரு கேக்கை மதியக் காணொளி அழைப்பின்போது பெற்றோர் பார்க்க வெட்டினார்கள், மற்றொன்றை இரவில் எங்களுக்காக. நான்கு கேக் கொண்ட டப்பா இந்த ஏற்பாட்டுக்கு நன்றாகவே பொருந்தியது.

விலை, நாங்கள் வாங்கியபோது நாற்பது பவுண்டுக்குச் சற்றுக் கீழே. தனி மாணவருக்கு இது கனமான தொகை. ஐந்து பேர் பகிர்ந்தால் ஓர் உணவகச் சாப்பாட்டைவிடக் குறைவு. விழா முடிந்த மறுநாள் முதல் பல கடைகளில் விலை இறங்கும், ஆனால் அந்த நாளுக்கென்று வாங்குபவருக்கு அதனால் பயனில்லை. மூன்கேக் வகைகள் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. சைவர்களும், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களும் எந்த நிறுவனத்தின் டப்பாவானாலும் உட்பொருள் பட்டியலைப் படித்தே வாங்கவேண்டும். மஞ்சள்கரு வேண்டாதவர்களுக்கு, அது சேராத தாமரை விதை வகையும் சீனக் கடைகளில் கிடைக்கிறது. உப்பு இல்லாததால் அது இன்னும் விரைவில் திகட்டும்.

2026இல் விழா செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை வருகிறது. கான்டனீஸ் சுவைக்குப் பழகியவர்கள் வீட்டில் இருந்தால் இரு வாரம் முன்னதாகவே ஒரு டப்பா வாங்கிவைக்கலாம். வட மாகாணத்தவரோ சூச்சோக்காரரோ மட்டும் இருக்கும் வீடானால், முதலில் அவர்களைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.